தமிழில் பிறழ்வுலகப் புனைவு

பிறழ்வுலகப் புனைவு என்பது, மனிதரின் பேச்சையும் நினைவையும் உறவுகளையும் ஓர் அரசோ அமைப்போ முற்றாகத் தன் பிடியில் வைத்திருக்கும் கற்பனைச் சமூகத்தைச் சித்தரிக்கும் இலக்கிய வகையாகும். ஆங்கில வழக்கில் இது டிஸ்டோபியா எனப்படுகிறது. தமிழில் இவ்வகையில் எழுதப்பட்டவை சிலவே. அவற்றுள் சுஜாதாவின் என் இனிய இயந்திரா என்னும் அறிவியல் புதினமும், பெருமாள்முருகனின் பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை என்னும் புதினமும் குறிப்பிடத்தக்கவை. மேலைநாட்டுப் புதினங்களில் வரும் நூலெரிப்பும் சித்திரவதை அறையும் இவற்றின் மையத்தில் இல்லை. பதிவேடு, அனுமதி, அடையாளக் குறி ஆகியவையே இவற்றில் கட்டுப்பாட்டின் முதன்மைக் கருவிகள். முன்னதை வெளியிட்ட இதழும், பின்னதை எழுதிய ஆசிரியரும் நடைமுறை வாழ்விலும் கருத்துக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானவர்கள் என்பதால், இப்புனைவுகளை அந்நிகழ்வுகளோடு சேர்த்து நோக்குவது பயனுடையது.

சொல்லும் தோற்றமும்

1516இல் தாமஸ் மோர் எழுதிய யுட்டோப்பியா என்னும் நூல் குறையற்ற ஒரு கற்பனைத் தீவை விவரித்தது. அதற்கு எதிர்ச்சொல்லாக டிஸ்டோபியாவை ஒட்டிய சொல்லை 1868இல் ஜான் ஸ்டூவர்ட் மில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பயன்படுத்தினார். அயர்லாந்து தொடர்பான அரசின் கொள்கையைக் கண்டித்து அவர் பேசிய உரை அது. அதாவது, இச்சொல் இலக்கிய வகையின் பெயராகுமுன் அரசியல் வசையாகப் பயன்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வகைக்கு வடிவம் தந்தவர் உருசிய எழுத்தாளர் யெவ்கேனி சமியாத்தின். கப்பல் கட்டும் பொறியாளரான அவர் 1920-21இல் எழுதிய நாங்கள் என்னும் புதினத்தில் மக்களுக்குப் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணும் மட்டுமே உண்டு. வீடுகளின் சுவர்கள் கண்ணாடியாலானவை. அந்நூல் 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பில் நியூயார்க்கில் வெளியானது. சோவியத் ஒன்றியத்தில் 1988இல்தான் அச்சேறியது. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் இன்பத்தாலும் மாத்திரையாலும் ஆளப்படும் சமூகத்தைப் படைத்தார். பீகாரின் மோத்திஹாரியில் 1903இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் 1984 என்னும் புதினத்தை வெளியிட்டார். அதன் நாயகனின் வேலை, பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுவது. ரே பிராட்பரியின் ஃபாரன்ஹீட் 451 (1953) நூல்களை எரிப்பதையே தொழிலாகக் கொண்ட தீயணைப்பாளர்களைப் பற்றியது. அப்புதினத்தில் மக்கள் படிப்பதைத் தாமாகவே கைவிட்ட பின்னரே அரசு தீயைக் கையிலெடுக்கிறது என்பது பெரும்பாலும் மறக்கப்படும் செய்தி.

இவற்றுள் ஆர்வெல்லின் விலங்குப் பண்ணை, 1984 ஆகிய இரண்டையும் க. நா. சுப்ரமண்யம் தமிழில் மொழிபெயர்த்தார். ஃபாரன்ஹீட் 451 புதினத்தை வெ. ஸ்ரீராம் தமிழாக்கினார், அது க்ரியா வெளியீடாக வந்தது. 1981 மே 31 இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்ததைக் கண்ட மொழிக்கு, பிராட்பரியின் கற்பனை அந்நியமானதாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

என் இனிய இயந்திரா

சுஜாதா என்னும் புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935-2008), தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் மின்னணுவியல் பயின்றவர். இந்நிறுவனம் 1949இல் சி. ராஜம் தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு தொடங்கியது. வானூர்தியியல், தானுந்துப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் போன்ற துறைகளை இந்தியாவில் மிக முன்னதாகவே கற்பித்த இந்நிறுவனம், 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமானது. படிப்பை முடித்த சுஜாதா வான் போக்குவரத்துத் துறையிலும், பின்னர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. கணினியைத் தொலைவிலிருந்து வியந்து எழுதியவரல்லர் அவர்; அதன் உட்புறம் அறிந்தவர். புதினத்தில் இவ்வேறுபாடு தெரிகிறது.

என் இனிய இயந்திரா 1980களில் ஆனந்த விகடன் வார இதழில் தொடராக வெளியானது. மீண்டும் ஜீனோ அதன் தொடர்ச்சியாகும். என் இனிய இயந்திரா தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. கதை, அக்காலத்துக்கு ஏறத்தாழ 35 ஆண்டுகள் பிந்திய, 2020களின் தொடக்க இந்தியாவில் நிகழ்கிறது. நாட்டை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். மக்கள் அனைவருக்கும் இரண்டெழுத்துப் பெயர்களே உண்டு. நிலா, சிபி என்னும் தம்பதிக்குக் குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி கிடைக்கிறது. மகிழ்ச்சியாகத் தொடங்கும் கதையில் சிபி காணாமற் போகிறான். அவர்கள் வீட்டில் தங்க வரும் ரவியும், அவனுடைய ஜீனோ என்னும் பேசும் இயந்திர நாயும் நிலாவின் வாழ்வை வேறு திசைக்குக் கொண்டு செல்கின்றனர்.

புதினத்தின் திருப்பம், ஜீவா என்று ஒருவன் இல்லை என்பதாகும். மக்கள் கண்டு வணங்குவது ஒளியாலான முப்பரிமாணப் பிம்பத்தை மட்டுமே. பிம்பம் உடைந்த பின்னரும் ஆட்சி மாறுவதில்லை. நிலா அரசியாக்கப்படுகிறாள், ஆனால் அவளும் பிறர் கையிலுள்ள பொம்மையாகவே இருக்கிறாள். திரைப் பிம்பங்கள் ஆட்சிக்கட்டில் ஏறிய ஒரு மாநிலத்தில், திரை நாயகர் ஒருவர் முதலமைச்சராக இருந்த காலத்தில், அம்மாநிலத்தின் முன்னணி வார இதழில் இக்கதை வந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதைச் சுஜாதா நேரடி உருவகமாக எண்ணினாரா என்பதைவிட, வாசகர்கள் அப்படி வாசிக்க இடமிருந்தது என்பதே முக்கியம்.

கட்டுப்பாடு இங்கு இயங்கும் முறை கவனத்துக்குரியது. இரண்டெழுத்துப் பெயர், ஒரு பதிவேட்டின் கட்டத்துக்குள் அடங்கும் பெயர். சாதி, ஊர், தந்தை பெயர், மொழி என மனிதனோடு ஒட்டி வரும் அனைத்தையும் அது துண்டித்துவிடுகிறது. சமியாத்தின் கொடுத்த எண்ணைவிட இது மென்மையானது. ஏனெனில் அழகாகவும் ஒலிக்கிறது. தரவுத்தளத்தில் ஒரு புலத்தின் நீளத்தைக் குறுக்குவது போன்ற செயல் இது. யாரும் அடிக்கப்படவில்லை, ஆனால் எழுத இடமில்லாத செய்தி இல்லாத செய்தியாகிவிடுகிறது. குழந்தைப்பேற்றுக்கான அனுமதியும் அத்தகையதே. மறுப்பதில் மட்டும் அதிகாரம் இல்லை. அனுமதி வந்ததும் நிலா நன்றியுணர்வோடு மகிழ்கிறாளே, அந்த மகிழ்ச்சியில்தான் அதிகாரம் முழுமை அடைகிறது.

இதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1975 சூன் முதல் 1977 மார்ச் வரை நடைமுறையில் இருந்த நெருக்கடி நிலையில், செய்தித்தாள்களின் அச்சுப்படிகளை அதிகாரிகள் பார்வையிட்டு அடித்துத் திருத்தினர். சில நாளிதழ்கள் ஆசிரியவுரைக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டன. அந்த அனுபவம் பசுமையாக இருந்தும், சுஜாதா சிவப்பு மைப் பேனாவைத் தம் எதிர்கால அரசின் சின்னமாக்கவில்லை.

இதழும் சட்டமன்றமும்

கதையில் அதிகாரம் கண்ணுக்குத் தெரியாமல் இயங்கியது. கதை வெளியான இதழின் மீது பாய்ந்த அதிகாரமோ மிகவும் பழைய வகையினது. 1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில், சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் திருடர்களாகச் சித்தரித்த நகைச்சுவைத் துணுக்குப் படம் ஒன்று வெளியானது. இது அவையின் உரிமையை மீறிய செயல் எனக் கருதிய தமிழ்நாடு சட்டமன்றம், மன்னிப்பு வெளியிட மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு ஏப்ரல் 4 அன்று மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. அப்போது அவைத்தலைவராக இருந்தவர் பி. எச். பாண்டியன். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து சில நாட்களிலேயே பாலசுப்ரமணியன் விடுவிக்கப்பட்டார். அவரது சிறைவைப்பு முறையற்றது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்து, 1,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

தண்டனை வழங்கப்பட்ட போது அந்த இதழ் விற்றுத் தீர்ந்திருந்தது. படம் பல்லாயிரம் வீடுகளில் இருந்தது. ஆளைச் சிறைப்படுத்த முடிந்ததே தவிர, படத்தை எவரும் திரும்பப் பெற முடியவில்லை.

முன்கூட்டியே தடுக்கும் முறை மேடைக்கு எஞ்சியிருந்தது. 1876ஆம் ஆண்டின் பிரித்தானிய நாடகச் சட்டத்தின் வழியில் சென்னை மாநிலம் 1954இல் தனக்கென ஒரு நாடகச் சட்டத்தை இயற்றியது. எம். ஆர். ராதாவின் நாடகங்களே அதன் உடனடி இலக்கு என்பது பரவலான கருத்து. நாடகக் குழுக்கள் தம் எழுத்துப்படியைக் காவல்துறையிடம் அளித்து இசைவு பெறும் வழக்கம் அதன் கீழ் பல பத்தாண்டுகள் நீடித்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என அறிவித்தது. அதே சனவரியில்தான் விஸ்வரூபம் திரைப்படம், தணிக்கைச் சான்று பெற்றிருந்தும், மாவட்ட ஆட்சியர்களின் 144 தடை ஆணைகளால் தமிழ்நாடு முழுவதும் திரையிடப்படாமல் நின்றது. ஒரு கதவு மூடப்படும் போது மற்றொன்று திறந்திருந்தது எனலாம்.

பூனாச்சி

பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் வெளியான புதினம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதற்கு எதிராகப் போராட்டங்கள் எழுந்தன. அரசு அந்நூலைத் தடை செய்யவில்லை. மாறாக, 2015 சனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை ஒன்று கூட்டப்பட்டது. அதில் ஆசிரியர் நிபந்தனையற்ற மன்னிப்புக்கும், விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதற்கும் உடன்பட்டுக் கையொப்பமிட்டார். அதன்பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என முகநூலில் அறிவித்தார். தடையாணை என்று ஒரு தாள் இருந்தால் அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். இங்கே இருந்தது இணக்கக் கையொப்பம்.

2016 சூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு, அந்த உடன்படிக்கை ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்து, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று கூறியது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலாது என்பதைக் காரணம் காட்டி அரசு கருத்துரிமையைக் காக்கும் கடமையிலிருந்து விலக முடியாது என்பது, ஒரே ஒரு கிராமத்திலே திரைப்படம் தொடர்பான 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட நெறியாகும். எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் என்று சட்ட நூல்களில் வழங்கும் அவ்வழக்கின் ரங்கராஜன் அப்படத்தின் தயாரிப்பாளர், சுஜாதா அல்லர். பெயர் ஒற்றுமையால் குழப்பம் நேர்வதுண்டு.

அவ்வாண்டின் இறுதியில் வெளியான பூனாச்சி, ஒரு கிழவனுக்கும் கிழவிக்கும் கிடைக்கும் கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியின் வாழ்க்கைக் கதையாகும். மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம், மாட்டையும் பன்றியையும் தொட முடியாது, ஆகவே தொல்லை தராத ஆடு என்று முன்னுரையில் ஆசிரியர் தரும் விளக்கம் நகைச்சுவை போல் அமைந்திருந்தாலும், தன்தணிக்கை எவ்வாறு இயங்குகிறது என்பதன் துல்லியமான பட்டியல் அது.

கதை நிகழும் மானாவாரி நிலப்பகுதியில் பிறக்கும் ஒவ்வோர் ஆட்டுக்குட்டியையும் அரசிடம் பதிவு செய்து, காதில் துளையிட்டு அடையாள வில்லை மாட்ட வேண்டும். யாரிடமிருந்தோ கிடைத்த குட்டிக்குத் தாய் எது, ஈன்ற நாள் எது என்று கேட்டால் கிழவியிடம் விடை இல்லை. வெயிலில் நீளும் வரிசையில் நிற்பவர்கள் அரசைப் பற்றித் தணிந்த குரலில் பேசுகின்றனர். அரசுக்குக் காதுகள் உண்டு என்று ஒருவரை ஒருவர் எச்சரிக்கின்றனர். ஆட்டின் காதில் வில்லை. ஆளின் வாயில் பூட்டு. புதினத்தில் இக்காட்சி சில பக்கங்களே வருகிறது. அதன் பிறகு பஞ்சமும் பசியும் ஈற்றும் இழப்புமாகக் கதை நகர்கிறது. எனினும் வாசகர் மனத்தில் முதலில் நிற்பது அந்த வரிசையே. எதிர்காலத்துக்கோ வேற்றுக் கோளுக்கோ செல்லாமல், ஒரு கொங்கு நாட்டுச் சந்தை நாளைப் போன்ற சூழலில் பிறழ்வுலகைக் காட்டியது இதன் தனித்தன்மை. என். கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வெளிவந்தது.

கால்நடைகளுக்குக் காது வில்லை மாட்டுவது நடைமுறையில் உள்ளதே. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டப்படுகிறது. கோமாரி நோய்த் தடுப்பூசியைக் கண்காணிக்க அது உதவுகிறது. மனிதருக்கான ஆதார் எண்ணும் 12 இலக்கமே. 2010 முதல் வழங்கப்படுகிறது. இவ்விரண்டையும் புதினத்தின் அரசோடு சமன்படுத்துவது பொருந்தாது. எண் இருப்பது வேறு, எண் இல்லாதவர் எந்தக் கேள்விக்கெல்லாம் விடை சொல்ல வேண்டியிருக்கிறது என்பது வேறு. பூனாச்சி பேசுவது இரண்டாவதை. 2017இல் தனியுரிமையை அடிப்படை உரிமையென அறிவித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், ஆதாரின் கட்டாயப் பயன்பாட்டுக்கு 2018இல் அதே நீதிமன்றம் விதித்த வரம்புகளும் இந்த இரண்டாம் கேள்வியையே சுற்றி அமைந்தன.

ஈழத் தமிழ் எழுத்தில் இவ்வகைக்குக் கற்பனை எதிர்காலம் தேவைப்படவில்லை. கோவிந்தன் என்னும் பெயரில் வெளிவந்த புதியதோர் உலகம் (1985), ஒரு போராளி இயக்கத்தின் முகாமுக்குள் ஐயமும் உளவும் சித்திரவதையும் தோழர்களைத் தின்பதை அனுபவத்திலிருந்து எழுதியது. அதைப் பிறழ்வுலகப் புனைவு என வகைப்படுத்துவதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதன் ஆசிரியர் 1991இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார்; திரும்பி வரவில்லை.

இணையமும் கண்ணுக்குத் தெரியாத தடையும்

ஆனந்த விகடனை வெளியிடும் விகடன் குழுமத்தின் இணைய இதழான விகடன் பிளஸ், 2025 பிப்ரவரியில், பிரதமர் நரேந்திர மோடி விலங்கிடப்பட்ட நிலையில் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்பின் அருகே அமர்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பியதை ஒட்டிய சித்திரம் அது. பாரதிய ஜனதா கட்சியின் மாநிலத் தலைமை புகார் அளித்தது. பிப்ரவரி 15 அன்று மாலை முதல் பல இணையச் சேவைகளில் விகடன் தளம் முழுவதும் திறக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின் கீழான நடவடிக்கை அது என்பது பின்னரே தெரிந்தது. அச்சித்திரம் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தின் மீதான தடையை விலக்க வேண்டும் என மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

ஒரு படத்துக்காக ஏன் ஒரு தளம் முழுவதும் மறைந்தது என்பதற்குத் தொழில்நுட்ப விளக்கம் உண்டு. ஒருவர் ஓர் இணையதளத்தைத் திறக்கும் போது, முதலில் தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைப் பெயர் வழங்கியிடம் கணினி கேட்கிறது. இணையச் சேவை நிறுவனம் இங்கேயே தவறான விடையைத் தரலாம். அதைக் கடந்தாலும், மறையாக்கம் செய்த இணைப்பைத் தொடங்கும் முதல் கைகுலுக்கலில் தளத்தின் பெயர் பொதுவாக வெளிப்படையாகவே செல்கிறது; அதைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கலாம். ஆனால் அதற்குப் பின் பயனர் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார் என்பது மறையாக்கத்துக்குள் சென்றுவிடுவதால் நிறுவனத்துக்குத் தெரியாது. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் மறைக்கும் ஆற்றல் அதனிடம் இல்லை. முழுத் தளத்தையும் மறைக்கலாம், அல்லது எதையும் மறைக்காமல் விடலாம். வாசகரின் தனிமையைக் காக்க வந்த மறையாக்கம், தடை வரும் போது அதன் பரப்பை விரித்துவிடுகிறது.

மேலும், 2009ஆம் ஆண்டின் தடுப்பு விதிகளில் 16ஆம் விதி, தடைக் கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் கமுக்கமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. 69அ பிரிவு 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. அதே தீர்ப்பில் 66அ பிரிவு நீக்கப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்து வெற்றுப் பத்தியைக் கண்ட வாசகர் அங்கே ஏதோ அகற்றப்பட்டுள்ளது என்பதை அறிந்தார். 2025இல் திறக்காத பக்கத்தைக் கண்டவர் முதலில் தம் வீட்டு இணைப்பைச் சோதித்துப் பார்த்திருப்பார்.